பட்டம் வாங்கியாச்சு... பஸ் எங்கே?

கோவில்பட்டி வட்டாரத்துப் பெண்கள் தொழில்நுட்பப் படிப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். வேலை என்று வரும்போது வரிசை கலைந்துபோகிறது. ஏன்?

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள், காலை ஏழு மணி. எட்டயபுரம் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிராமத்து முக்கு. ஈரக் கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. முதலில் வந்து நிற்பது தீப்பெட்டி ஆபீஸ் வேன். தூக்குவாளியும் ஒயர் கூடையுமாக ஏறுகிறவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது. படியில் கால் வைத்த ஓர் அம்மா திரும்பி, கொஞ்சம் தள்ளி நிற்கும் மகளுக்குக் குரல் கொடுக்கிறார்: "பீஸ் ரசீத மறந்துறாத தாயி. போன தடவ மாதிரி அலையவிடாத." கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் செல்போன். மகள் நிமிராமலே தலையாட்டுகிறார். வேன் போய்ப் பத்து நிமிடத்தில் மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்து வருகிறது. பெண்பிள்ளைகள் பக்கம் இருக்கைகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இருவரும் ஒரே வண்டியில் ஏறியிருப்பார்கள்.

பெண்பிள்ளைகளைத் தொழில்நுட்பத் துறைக்கு ஊக்குவிப்போம் என்று மகளிர் தின மேடைகளில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எட்டயபுரம் பக்கத்து ஊர் என்பதால் பாரதியையும் தவறாமல் மேடைக்கு இழுத்துவிடுவார்கள். கரிசலுக்கு அந்தப் பேச்சு பழசாகிவிட்டது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் எந்தத் தெருவிலும் கேட்டுப் பாருங்கள். 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு' என்று வாய்விட்டுச் சொல்ல இப்போது யாருக்கும் துணிச்சல் கிடையாது. 'கம்ப்யூட்டர் சயின்ஸா, ஈ.சி.ஈ.யா? கட் ஆஃப் எவ்வளவு?' என்றுதான் பேச்சு போகிறது. ஊக்கம் வாங்கி, கடன் வாங்கி, பட்டமும் வாங்கிய பிறகு அந்தப் பெண் எங்கே போனார் என்ற கேள்விதான் பேச்சில் விட்டுப்போகிறது.

குச்சி அடுக்கிய கைகள்

மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி, பொய்த்தால் கடன். கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலேயே தொடங்கப்பட்டது இந்தக் கரிசலுக்காகத்தான். வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடந்த கைகளையும், தீக்குச்சி காய்வதற்குத் தோதான வறண்ட வெயிலையும் நம்பித் தீப்பெட்டித் தொழில் வந்தது. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை என்று அது பரவியபோது சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், அடைக்கவும் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே சிறுமிகள்.

விடிவதற்கு முன்னால் ஊர் ஊராக வந்து தூங்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பஸ்களைப் பற்றி, இன்று ஐம்பதைத் தொடும் பெண்கள் நிறையச் சொல்வார்கள். இந்த மண்ணின் எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' அந்த வாழ்க்கையைத்தான் படமாக்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பாதி, சத்துணவும் சைக்கிளும் பாதி. குச்சி அடுக்கிய சிறுமிகளின் மகள்கள் பள்ளிக்கூடத்தில் நிலைத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த 1984ஆம் ஆண்டிலேயே நாலாட்டின்புதூரில் நேஷனல் பொறியியல் கல்லூரி வந்தது. பாலிடெக்னிக்கும் கலைக் கல்லூரிகளும் சேர்ந்துகொள்ள, டவுன் பஸ் போகும் தூரத்தில் கம்ப்யூட்டர் படிப்பு கிடைத்தது. மகளை ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள் கல்லூரிப் பேருந்துக்குத் தயங்கவில்லை. கரிசலில் நடந்த பெரிய மாற்றத்தின் சூட்சுமம் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறது. காலையில் ஏற்றிச் சென்று, பொழுது சாய்வதற்குள் ஊர் முக்கில் இறக்கிவிட்டது.

பள்ளிச் சுவர்களில் இப்போது நிகர் ஷாஜியின் படத்தைப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை நோக்கிக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். செங்கோட்டைக்காரர், விவசாயி மகள். படத்துக்குக் கீழே 'கனவு காணுங்கள்' வகையறா வாசகம் ஒன்று இருக்கும். அவர் வந்த வழியை யாரும் எழுதிவைப்பதில்லை. சொந்த ஊரில் அரசுப் பெண்கள் பள்ளி. சுமார் அறுபது கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி. 1987இல் இஸ்ரோவில் நிரந்தர வேலை. படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் பாதையில் எங்கும் உடைப்பு இல்லை. அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் அந்தப் பாதை ஈடுகொடுத்தது.

இன்னும் பின்னால் போனால் அய்யலசோமயாஜுல லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவை. 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். அவருக்குப் பொறியியல் பேராசிரியரான அப்பா இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குடும்பம் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகும் அம்மாவின் மகளுக்கு அப்படி ஒரு அப்பா வாய்ப்பது அரிது. அந்த இடத்தில் அரசு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நின்றும் இருக்கிறது, ஓரளவு.

■ அரசு போட்ட படிகள்

1989: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவி தொடக்கம். பின்னாளில் பட்டதாரி மணமகளுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் என வளர்ந்தது.

2021 மே: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்.

2021: பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது.

2022 மார்ச் 1: 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம்.

2022 செப்டம்பர் 5: திருமண உதவி 'புதுமைப் பெண்' என்ற கல்வி உதவியாக மாறியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய்.

2024 டிசம்பர் 30: தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப் பெண் விரிவாக்கம்.

தங்கம் போய் ஆயிரம் வந்தது

இந்தப் பட்டியலில் நின்று பார்க்க வேண்டிய வரி 2022. பெண்ணைப் படிக்கவைத்தால் கல்யாணத்துக்கு உதவி என்றுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு சொல்லிவந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தாமல் இருக்க அது உதவியது உண்மை. ஆனால் படிப்பின் முடிவில் மணவறை இருந்தது. அதே நிதி, அதே அம்மையாரின் பெயரில், மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்குத் திரும்பியது பெரிய திருப்பம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையில் அவருடைய பெயர் போட்ட ஏ.டி.எம். கார்டு. ஆயிரம் ரூபாய் அப்படியொன்றும் பெரிய தொகை இல்லை. செராக்ஸுக்கும் ரீசார்ஜுக்கும் மாதக் கடைசியில் அம்மாவின் மகளிர் குழுத் தவணைக்கும் கரைந்துவிடும். ஆனாலும் கேட்டு வாங்காத பணம். அதன் ருசியே வேறு.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47. அதே கணக்கெடுப்பில் அறிவியல் பாடப்பிரிவுகளில் சேர்ந்திருந்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். வகுப்பறையில் பெண்கள் பாதிக்கு மேல். மென்பொருள் துறைப் பணியாளர்களில் பெண்கள் 36 சதவீதம் அளவில் நிற்பதாக நாஸ்காம் சொல்கிறது. இடையில் உதிர்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

சென்னைக்கு 550 கிலோமீட்டர்

முதல் உதிர்வு தூரத்தில். கோவில்பட்டியில் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ ஏறினால் விடியும்போது சென்னை. ஓ.எம்.ஆர். பக்கம் மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஏழெட்டாயிரம் ரூபாய். புதிதாகச் சேரும் பொறியாளருக்குப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்து ஆண்டுகளுக்கு மேலாக நகராமல் கிடக்கிறது. கையில் வருவது இருபத்தைந்தாயிரம் சொச்சம். வாடகை, பயணம், கல்விக் கடன் தவணை எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடத் தெரியாத அப்பா கரிசலில் இல்லை. "அம்புட்டுத் தூரம் அனுப்பி, இம்புட்டுக் காசுக்கா?" என்பது பழமைவாதம் மட்டும் கிடையாது. கூட்டிக் கழித்துப் பார்த்த கேள்வி. மகனாக இருந்தால் அந்தக் கேள்வி எழாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலி: கேம்பஸ் இன்டர்வியூவின் ஹெச்.ஆர். ரவுண்ட். கோடிங் தேர்வில் தேறிய பெண், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டதும் உறைந்துபோவது வருஷா வருஷம் நடக்கிறது. பன்னிரண்டாண்டு தமிழ் வழியில் படித்தவருக்குக் கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆறு வாரப் பயிற்சி வகுப்பு போதாது. முதலாண்டிலிருந்தே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பேசவைத்தால் தீர்ந்துபோகும் விஷயம். இதற்குப் பெரிய திட்டம், பெரிய நிதி எதுவும் தேவையில்லை என்பதால்தானோ என்னவோ, நடக்காமல் இருக்கிறது.

ஜாதகத்தில் பி.இ.

இரண்டாவது உதிர்வு கல்யாணத்தில். பட்டம் இங்கே இரண்டு சந்தைகளில் விலைபோகிறது. வேலைச் சந்தை ஒன்று, வரன் சந்தை இன்னொன்று. வேலைச் சந்தை இழுத்தடித்தால் மற்றது காத்திருப்பதில்லை. 2022இல் தேர்வான பட்டதாரிகள் சுமார் 2,000 பேரை வேலையில் சேர்க்காமல் இன்போசிஸ் இரண்டாண்டு இழுத்தது 2024இல் பெரிய சர்ச்சையானது. ஆஃபர் லெட்டரோடு இரண்டாண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது பையனுக்குச் சலிப்பு. அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவான். பெண்ணுக்கு அது நிச்சயதார்த்தம். 'சும்மாதான இருக்கா' என்ற ஒரு சொல்லில் நான்காண்டுப் படிப்பு முடிந்துபோகும். நிறுவனத்தின் கணக்கில் 'பணியில் சேரவில்லை' என்ற ஒரு வரி. அதற்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபம் அவர்களுக்குத் தெரியாது.

படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளை வேண்டும். படித்த மாப்பிள்ளை அதிக நகை கேட்பார். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குக் கடன் வாங்கிய குடும்பம் அந்த சீட்டால் ஏறிப்போன வரதட்சணைக்கும் கடன் வாங்குகிறது. பட்டத்தைப் பயன்படுத்தாமலேயே அதற்கு இரண்டு முறை விலை கொடுக்கிற விசித்திரம் இது. மாறிவரும் வீடுகளும் இருக்கின்றன. 'கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவா, சம்மதமா?' என்று பெண் வீட்டார் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுவது கூடியிருக்கிறது. வேலையில் இருக்கும் பெண்தான் அப்படிக் கேட்கவைக்க முடியும். வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணால் முடிவதில்லை.

மூன்றாவது உதிர்வு குழந்தைக்குப் பிறகு. 2017 சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. 27ஆம் வாரம் கைக்குழந்தையோடு சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போகிறவருக்குத் துணையாகப் போக வேண்டிய பாட்டி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். கொரோனா காலத்தில் இந்த முடிச்சு தானாக அவிழ்ந்தது. கோவில்பட்டியிலும் கழுகுமலையிலும் வீட்டு மாடிகளில் லேப்டாப்பும் ஹெட்செட்டுமாக மருமகள்கள் உட்கார்ந்தார்கள். பிறகு நிறுவனங்கள் அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னன. பெண்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் வழக்கமாக ஆண்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்த டி.சி.எஸ். நிறுவனத்தில், அந்த நிலை தலைகீழானதை 2022-23 ஆண்டறிக்கையில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடு முடிவுக்கு வந்ததே காரணமாக இருக்கலாம் என்று அவர்களுடைய மனிதவளத் தலைவரே எழுதினார்.

தொழில்நுட்ப வேலை என்றால் எது?

பட்டம் இல்லாதவர்களின் கதை வேறு. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பெண்களை முன்பு கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் அள்ளிப்போயின. மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்ற 'சுமங்கலி' ஆசைகாட்டல் தென்மாவட்டங்களில் எத்தனை வீடுகளை ஏமாற்றியது என்பது தெரிந்ததே. இப்போது அதே பெண்களை மின்னணு ஆலைகள் அழைக்கின்றன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது அரசு பெருமையோடு சொல்லும் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அதற்கு முன்பு தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, பெண்கள் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியது 2021 டிசம்பரில். வல்லம் வடகால் விடுதி அப்படி வந்தது. திருமணமான பெண்களை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி நாட்டையே உலுக்கியது 2024 ஜூனில்.

செல்போன் பூட்டுவதும் தொழில்நுட்ப வேலைதானா? சம்பளமும் பி.எஃப்.பும் ஏ.சி. அறையும் உண்டு, மருந்து நெடி கிடையாது. அம்மாவின் வேலையோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றம். ஆனால் நான்கைந்து ஆண்டு அதே இருக்கையில் அதே திருகாணியை முடுக்கிவிட்டு, கல்யாணம் ஆனதும் வெளியே வரும் பெண்ணிடம் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று பார்த்தால், குச்சி அடுக்கியவருக்கும் இவருக்கும் வித்தியாசம் குறுகிவிடுகிறது. இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும், லைனைக் கண்காணிக்கவும், டிப்ளமோவைப் பகுதி நேரமாக முடிக்கவும் வழி வைத்திருக்கிறார்களா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொழில்நுட்ப வேலை என்று அழைக்க வேண்டும். எனக்கு இதில் சமரசம் கிடையாது.

■ பக்கத்தில் வந்தவை

கங்கைகொண்டான்: கோவில்பட்டி–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் சிப்காட் வளாகமும் எல்காட் தொழில்நுட்பப் பூங்காவும். டாடா பவர் குழுமத்தின் சூரிய மின்கலம், தகடு தயாரிக்கும் 4.3 கிகாவாட் ஆலை 2025 பிப்ரவரி 6 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. பணியாளர்களில் 80 சதவீதம் பெண்கள் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு.

தூத்துக்குடி: 32.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட டைடல் நியோ பூங்கா 2024 டிசம்பர் 29 அன்று திறப்பு. வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று தொடக்கம்.

குலசேகரன்பட்டினம்: இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல்.

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறை: 2011 முதல் ஸோஹோ அலுவலகம், கல்லூரிப் பட்டம் கேட்காத அதன் பயிற்சிப் பள்ளியும் இங்கே உண்டு.

இலவச பஸ் எதுவரைக்கும்?

பெட்டியில் உள்ள ஊர்களைக் கோவில்பட்டியிலிருந்து அளந்து பாருங்கள். கங்கைகொண்டான் சுமார் நாற்பது கிலோமீட்டர், தூத்துக்குடி அறுபது, கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி எண்பது. சென்னையோடு ஒப்பிட்டால் வாசலுக்கே வந்த மாதிரி. ஆனால் அந்த வாசலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளுக்கு மட்டும். விளாத்திகுளம் பக்கத்திலிருந்தோ கயத்தாறு பக்கத்திலிருந்தோ பிங்க் பஸ்ஸில் கோவில்பட்டிவரை காசில்லாமல் வரலாம். தீப்பெட்டி ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் அது போதும். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போகும் புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். தினம் போக வர ஆகும் காசு, நேரம், கடைசி பஸ் பயம் எல்லாம் அங்கே தொடங்குகின்றன. இலவசம் முடிகிற இடத்தில்தான் தொழில்நுட்ப வேலை ஆரம்பிக்கிறது. இலவசப் பயணத்துக்கு 2021இல் போட்ட கையெழுத்துக்கு இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் வலு உண்டு. சிப்காட், டைடல் வளாகங்களுக்குப் போகும் ஷிப்ட் நேரப் பேருந்துகளில் மட்டும் 'விடியல் பயணம்' என்ற இந்தக் கட்டணமில்லாப் பயணத்தை நீட்டித்தால் ஆகும் செலவு, பெரிய ஆலைகளுக்கு அரசு தரும் ஊக்கச் சலுகைகளுக்கு முன்னால் சில்லறை.

இரவு ஷிப்டைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் மறந்துபோன ஒரு தீர்ப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் செல்லாது என்று அறிவித்தது. விருப்பப்பட்ட பெண் வேலை செய்யலாம். அதற்கு நிறுவனம் பாதுகாப்பும், தனிக் கழிப்பறையும், வீட்டிலிருந்து போய்வர வாகனமும் தர வேண்டும் என்று நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. அனுமதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நிபந்தனை, நான்குவழிச் சாலையோடு நின்றுவிடுகிறது. கிராமத்துக்குள் நுழையாத கம்பெனி வேனிலிருந்து இறங்கி, சீமைக் கருவேலம் அடர்ந்த இரண்டு கிலோமீட்டர் பாதையைப் பெண்கள் எப்படிக் கடப்பார்கள் என்பதை ஷிப்ட் அட்டவணை போடுகிறவர் யோசிப்பதில்லை.

கரிசலில் என்ன மாறுகிறது?

மகள்கள் போன பிறகு ஊரில் நடப்பதையும் பார்க்க வேண்டும். களையெடுக்க ஆள் இல்லை என்பது ஒவ்வொரு சம்சாரியின் புலம்பல். களையெடுக்க வருகிறவர்கள் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். தீப்பெட்டித் தொழிலுக்கும் அதே நிலை. 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. அதற்குப் பிறகும் தானியங்கி இயந்திரங்கள் வைத்த ஆலைகள்தான் தாக்குப்பிடிக்கின்றன. அந்த இயந்திரங்களை ஓட்டுவதும் பழுதுபார்ப்பதும் பெரும்பாலும் ஆண்கள். நூறாண்டு பெண்கள் கையில் இருந்த தொழில் இயந்திரமானதும் கைமாறிவிட்டது. இதைப் பற்றிப் பேச்சே இல்லை. உள்ளூர் பாலிடெக்னிக்கில் படித்த பெண்ணை அந்த இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்த எந்த முதலாளி முன்வருவார்? முன்வந்தால், டவுன் பஸ் தூரத்திலேயே தொழில்நுட்ப வேலை.

காட்டுக்கும் இது பொருந்தும். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த பிறகு மருந்தடிப்பு பெரிய செலவாகிவிட்டது. மகளிர் குழுக்களுக்கு டிரோன் கொடுக்கும் 'நமோ டிரோன் திதி' திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 1,261 கோடி ரூபாய், 15,000 குழுக்கள், விலையில் 80 சதவீதம்வரை மானியம். பரந்து கிடக்கும் கரிசல் காட்டுக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஆனால் டிரோனைத் தூக்கிப்போக ஒரு வண்டி வேண்டும், இறக்கை முறிந்தால் சரிசெய்யப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகக் கோவில்பட்டியில் ஒரு பெண் கடை போடலாம்.

ஏ.ஐ. வந்துவிட்டதே!

பெற்றோரிடம் இப்போது அதிகம் கேட்கும் கவலை இதுதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்ததும் கிராமத்து டீக்கடைவரை பேச்சு பரவியது. கவலை நியாயமானது. நான்காண்டுகளாகப் பழைய புரோகிராம்களை மனப்பாடம் செய்து எழுதிய மாணவிக்கு இனி இடம் குறைவு. அதற்காக எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டு ஓட வேண்டியதில்லை. எல்லோரும் அதற்குள்ளேயே முண்டியடிக்க வேண்டியதும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் வந்திருப்பவை சூரிய மின்கலமும் மின்சாரக் காரும் ராக்கெட் தளமும். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் வகுப்புகளில் பெண்பிள்ளைகள் குறைவாக இருப்பதுதான் இன்றைய அபத்தம். 'மெக்கானிக்கல் ஆம்பளப் படிப்பு' என்று சொல்லும் மாமாக்களிடம், லலிதா மின்பொறியியல் படித்து எண்பது ஆண்டு தாண்டிவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற ஊரில் அலுவலகம் போட்டு, உள்ளூர்ப் பட்டதாரிகளைக் கொண்டு தரவு வேலைகளைச் செய்துகாட்டியது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007இல் தொடங்கிய தேசிக்ரூ. செயற்கை நுண்ணறிவுக்குத் தரவைப் பிரித்து, அடையாளமிட்டுக் கொடுக்கும் வேலை இப்போது உலகம் முழுக்கத் தேவைப்படுகிறது. சம்பளம் சுமார்தான், இயந்திரமே அதைச் செய்துகொள்ளும் காலமும் வரலாம். கைக்குழந்தையோடு ஊரில் இருக்கும் பட்டதாரி மீண்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார அது முதல் படியாக உதவும். டைடல் நியோ ஒன்று தூத்துக்குடியில் இருப்பதுபோல, காப்பகத்தோடு ஒரு சிறிய பணியிடக் கூடம் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு அருகே வந்தால், கொரோனா காலத்து மாடிகள் காட்டிய வழி நிரந்தரமாகும். நகராட்சி மனது வைத்தால் முடிகிற அளவுதான்.

2022இல் முதலாண்டில் சேர்ந்து புதுமைப் பெண் தொகை வாங்கத் தொடங்கிய பொறியியல் மாணவிகளுக்கு 2026உடன் நான்காண்டு நிறைகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண் எல்லா மேடைகளிலும் முழங்கியது. எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், மூன்றாம் ஆண்டிலும் வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைச் சட்டமன்றத்தில் எந்த உறுப்பினராவது கேட்டு வாங்க வேண்டும், மாவட்டவாரியாக, ஊர்வாரியாக.

அதுவரை, கேம்பஸ் இன்டர்வியூ நாளில் பெற்றோரும் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை. சேரும் தேதி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா? விடுதி யாருடையது, சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? கல்யாணமானால், குழந்தை பிறந்தால் அதே வேலை, அதே பதவி உண்டா? காப்பகம் இருக்கிறதா? ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வேன் வீட்டு வாசல்வரை வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா?